பி.இ. முடிச்சிட்டு எம்.டெக் இல்லாம நேரா பிஎச்டி சேர முடியுமா?
தாராளமா முடியும். ஐஐடிகள்ல டைரக்ட் பிஎச்டி ரொம்ப வருஷமாவே இருக்கு, நல்ல மார்க்கும் கேட் (இன்ஜினியரிங் மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) ஸ்கோரும் (3 வருஷம் செல்லும்) இருந்தா அப்ளை பண்ணுங்க, அப்புறம் டெஸ்ட், இன்டர்வியூ. 2022ல பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் 4 வருஷ டிகிரில 75 சதவீதம் எடுத்தவங்களுக்கு வழி விட்டுடுச்சு.

வீட்ல முதல்ல காசு பத்திதான் கேப்பாங்க. ஜேஆர்எஃப் (பிஎச்டி பண்றவங்களுக்கு முதல்ல கிடைக்கிற உதவித்தொகை) 2023 ஜனவரில இருந்து மாசம் 37,000 ரூபாய், 2 வருஷம் கழிச்சு எஸ்ஆர்எஃப் (அதோட அடுத்த கட்டம்) ஆனா 42,000, வீட்டு வாடகைப் படி தனி. தனியா இருந்தா ஓட்டிடலாம், வீட்ல கடன் இருந்தா கஷ்டம்தான்.

ஆனா நான் அடிச்சு சொல்றது, காலேஜ் பேர விட கைடு, அதாவது உங்க ரிசர்ச்ச வழிநடத்துற பேராசிரியர், முக்கியம். அவர் சமீபத்துல போட்ட பேப்பர்களப் படிங்க, அந்த லேப் சீனியர்ஸ்கிட்ட தனியா பேசுங்க, முடிக்க எத்தன வருஷம் ஆகுது, பாதில விட்டுட்டு போனவங்க யாராச்சும் இருக்காங்களா, கைடு வாரத்துக்கு ஒரு தடவயாச்சும் உக்காந்து பேசுவாரா, எல்லாத்தயும் கேளுங்க. சிப் டிசைன், நானோ மாதிரி ஃபீல்டுன்னா கிளீன்ரூம் (தூசி இல்லாத தனி லேப்) வசதி அங்கயே இருக்கான்னும் பாத்துக்கோங்க, இல்லன்னா வேற ஊர் லேப்ல ஸ்லாட்டுக்கு காத்திருந்தே மாசக்கணக்குல போயிடும்.

சேந்ததும் கோர்ஸ்வொர்க் (கிளாஸ்ல படிக்கிற பாடங்கள்), அப்புறம் காம்ப்ரிஹென்சிவ் எக்ஸாம் (ரிசர்ச்சுக்கு தயாரான்னு சோதிக்கிற தேர்வு), அதத் தாண்டினாதான் முழுநேர ரிசர்ச். மொத்தமா 5 வருஷம்னு மனசுல வச்சுக்கோங்க.