நம் சட்டியிலிருந்தே குழந்தைக்கும் ஒரு பங்கு: கேள்வி பதில்

மியன்மாவில் யாங்கோன், பெகு, மோல்மேன் ஊர்களில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கேட்ட கேள்விகளுக்கு, தாய்சேய் நலப் பிரிவில் வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஏழு மாத மகனின் அம்மா, தாம்வே: சிஸ்டர், எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் மொகிங்காதான், அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசிச் சேமியா. மாமியார் தன் கிண்ணத்திலிருந்து குழம்பைத் தொட்டு அவன் வாயில் வைக்கிறார். கொடுக்கலாமா?

மொகிங்கா கொடுக்கலாம்மா, ஆனால் பெரியவர்கள் கிண்ணத்திலிருந்து வேண்டாம். அவன் பங்கைச் சட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

கெளுத்தி மீனை மஞ்சள், இஞ்சி, எலுமிச்சைப்புல் போட்டு வேகவைத்து, முள் நீக்கி உதிர்ப்பீர்கள் இல்லையா, அந்த இடத்தில் நிறுத்துங்கள். மீன் சாஸும் உப்பும் அதுவரை விழுந்திருக்காது. உதிர்த்த மீனில் இரண்டு கரண்டி, வடிகட்டிய மீன் தண்ணீர் கொஞ்சம், வதக்கிய வெங்காயம் பூண்டில் கொஞ்சம் எடுத்துச் சின்னச் சட்டிக்கு மாற்றி, கடலை மாவைக் கரைத்து ஊற்றிப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்க விடுங்கள். ஊற்றுவதற்கு முன் அந்த மீனை விரல் நுனிகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய முள் விரலுக்குத் தப்பாது. சேமியாவை நன்றாக வேகவிட்டுப் பொடியாக நறுக்கி மசித்துக் கலக்கலாம். முட்டையை முழுதாக வேகவைத்து மசித்துச் சேருங்கள். வாழைத்தண்டு நாராக இருக்கும், பொரித்த பருப்பு வடை கெட்டியாக இருக்கும், இரண்டும் இப்போது வேண்டாம். கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழியாமல் நிற்கும் பதம்தான் சரி. ரொம்பத் தண்ணீராக இருந்தால் வயிறு நிறையும், சத்து போதாது.

உப்புக்கு ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு வயதுக்குள் ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 1 கிராம் உப்புக்கு மேல் போகக்கூடாது. பால் வழியாகவும் மற்ற உணவு வழியாகவும் போவதே அவனுக்குப் போதும். ஒரு தேக்கரண்டி மீன் சாஸிலேயே 1 கிராமுக்கு மேல் இருக்கிறது. அந்தப் பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அது பாரம். மிளகாய் எரியும், அதனால் அதுவும் வேண்டாம். ஆனால் மஞ்சள், இஞ்சி, பூண்டு, சீரகம், எலுமிச்சைப்புல் இவற்றுக்கெல்லாம் பயப்படவே வேண்டாம். நம் வீட்டு வாசனை அவனுக்குப் பழகட்டும்.

கடையில் வாங்கிய மொகிங்கா என்றால் அவனுக்குச் சேமியாவும் முட்டையும் மட்டும்.

எட்டு மாதப் பெண் குழந்தையின் அப்பா, பெகு: ஒன்னோ கௌஸ்வேயில், அதாவது கோழிக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸில், தேங்காய்ப்பால் இருக்கிறதே, செரிக்குமா?

செரிக்கும் தம்பி. கொஞ்சமாகச் சாப்பிடும் பிள்ளைக்கு அந்தக் கொழுப்பு நல்லதுதான். கோழியை நார் தெரியாமல் பொடியாக நறுக்கிக் கொடுங்கள். உப்பும் மீன் சாஸும் போடும் முன் எடுத்துவிடுங்கள். அந்த நூடுல்ஸில் கோதுமை இருக்கும், பலவற்றில் முட்டையும் இருக்கும். இரண்டையும் அவள் இதுவரை சாப்பிட்டதில்லை என்றால், முதலில் ஒவ்வொன்றாக, பகல் நேரத்தில், கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

அதே அப்பா: வேர்க்கடலையும் அப்படித்தானா?

ஆமாம். தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தோம். 2015இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு அதை மாற்றிவிட்டது. ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளில்கூட, சீக்கிரமே கடலை சாப்பிட ஆரம்பித்தவர்களுக்குக் கடலை ஒவ்வாமை மிகக் குறைவாக வந்தது. நைசாக அரைத்த விழுதைக் கஞ்சியில் கரைத்துக் கொடுங்கள். கடுமையான கரப்பான் இருந்தாலோ, முட்டை ஏற்கெனவே ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். முழுக் கடலை ஐந்து வயது வரை கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

மகளுக்குப் பிரசவம் பார்த்த அம்மா, மோல்மேன்: மகளுக்கு இரண்டு மாதமாகப் பத்தியம். சோறு, உப்புக் கருவாடு, அவ்வளவுதான். பேரனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் வடித்த கஞ்சி கொடுக்கலாம் என்றிருக்கிறோம்.

அம்மா, கஞ்சியைப் பிறகு பேசலாம், முதலில் உங்கள் மகள் தட்டை மாற்றுங்கள். இன்றைக்கே.

பட்டை தீட்டிய வெள்ளை அரிசியில் வைட்டமின் பி1 மிகவும் குறைவு. அரிசியைப் பலமுறை கழுவி, வேகவைத்த தண்ணீரையும் வடித்துக் கொட்டினால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். வெறும் சோற்றை மட்டும் சாப்பிடும் தாயின் பாலிலும் அந்தச் சத்து குறைந்துவிடும். பால் மட்டும் குடிக்கும் இரண்டு, மூன்று மாதப் பிள்ளைக்கு அதனால் பெரிபெரி என்ற நோய் வரலாம். மியன்மாவில் கைக்குழந்தைகளின் உயிரைப் பறித்த நோய் அது. அழும்போது குரல் கம்மிப்போவது அல்லது சத்தமே வராமல் அழுவது, பால் குடிக்க மறுப்பது, வாந்தி, வேகமாக மூச்சு வாங்குவது, இதில் ஒன்று தெரிந்தாலும் இரவா பகலா என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். நேரத்தோடு போனால் பி1 ஊசியிலேயே பிள்ளை தேறிவிடும்.

மகளுக்குப் பருப்பு, பயறு, முட்டை, மீன், கீரை எல்லாம் கொடுங்கள். வீட்டில் பன்றி இறைச்சி சாப்பிடுவீர்கள் என்றால் அதில் பி1 நிறையவே உண்டு. பத்தியம் பார்ப்பதில் உங்களுக்கு இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. வெந்நீர், பூண்டு, மிளகு ரசம் எல்லாம் இருக்கட்டும். சத்துள்ள உணவை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பேரனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் சோற்றைப் பருப்போடு சேர்த்தே குழைய வேகவைத்து, தண்ணீரை வடிக்காமல் மசியுங்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் முட்டையோ மீனோ சேருங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது. கோழி ஈரலை வாரம் ஒரு தரம் நன்றாக வேகவைத்து ஒரு ஸ்பூன் மசித்துக் கொடுத்தால் ரொம்ப நல்லது.

பதினோரு மாதப் பெண்ணின் அம்மா, தின்கங்யூன்: இட்லி, சாம்பார், அப்புறம் காலையில் வாங்கும் பே பியோ, அந்த அவித்த பட்டாணி, இதெல்லாம் கொடுக்கலாமா?

மூன்றுமே நல்லது. இட்லி மாவில் உப்புப் போட்டுக் கலக்கும் முன் ஒரு டம்ளர் மாவைத் தனியாக எடுத்துப் புளிக்க வையுங்கள். சாம்பாரில் புளியும் உப்பும் சேரும் முன் பருப்பும் காயும் எடுங்கள். பே பியோவை அவித்து விற்பவரே உப்புப் போட்டிருப்பார், அதனால் வீட்டில் அவித்துத் தோல் நீக்கி விரலால் நசுக்கிக் கொடுங்கள். உருண்டையாக விடாதீர்கள். கருப்பட்டி, சீனி எதுவும் வேண்டாம். ஒரு வயது வரை தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது.

இரண்டு வயதுப் பேரனின் தாத்தா, பசுன்டாங்: டீக்கடைக்கு என்னோடு வருவான். டீயில் பிஸ்கட் தொட்டுக் கொடுக்கிறேன். லப்பெத் என்ற ஊறவைத்த தேயிலையும் கேட்கிறான்.

ஐயா, அவனுக்கு டீ வேண்டாம், லப்பெத்தும் வேண்டாம். இரண்டிலும் தேயிலைதான். சோற்றிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பில் சேரவிடாது. கடை டீயில் ஊற்றும் கண்டென்ஸ்டு மில்க்கில் சீனிதான் அதிகம். உங்களோடு உட்கார்வதுதான் அவனுக்குச் சந்தோஷம். ஒரு கிண்ணத்தில் வெந்நீரோ பாலோ வாங்கிக் கொடுங்கள், வாழைப்பழத்தைக் கையில் கொடுங்கள்.

இரண்டரை வயது மகனின் அம்மா, தாம்வே: பலாச்சாங், அதாவது காய்ந்த இறாலில் செய்யும் காரத் தொக்கு, இல்லாமல் அவனுக்கு ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

ஒரேயடியாக நிறுத்தினால் சோற்றையும் ஒதுக்குவான். ஒரு கைப்பிடி உப்பில்லாத காய்ந்த இறாலை நன்றாகக் கழுவி, வறுத்துப் பொடித்து, வதக்கிய வெங்காயம் பூண்டோடு கலந்து வையுங்கள். கடைப் பலாச்சாங்கில் பாதி, இதில் பாதி என்று ஆரம்பித்து, வாரத்துக்கு வாரம் கடையுடையதைக் குறையுங்கள். கூடவே மசித்த பருப்பு ஒரு ஸ்பூன் தட்டின் ஓரத்தில் இருக்கட்டும். சாப்பிடச் சொல்லாதீர்கள், தினமும் வையுங்கள். நீங்களும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிடுங்கள்.