தாத்தாவின் ஓட்டும் பேரனின் கேள்வியும்

கேள்வி: என் அப்பா 1949ல் பிறந்தவர். எனக்கு நினைவு தெரிந்த நாளாக ஒரே சின்னத்துக்குத்தான் ஓட்டுப் போடுகிறார். வேட்பாளர் யார் என்றுகூடப் பார்ப்பதில்லை. கல்லூரியில் படிக்கும் என் 21 வயது மகன், "கண்ணை மூடிக்கிட்டு குத்துறீங்களே தாத்தா" என்று கேட்டுவிட்டான். மூன்று வாரமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அப்பாவுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?
ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: அன்புள்ள சகோதரி, அப்பா பிறந்த வருடத்தை எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

1965 ஜனவரியில் அவருக்குப் பதினைந்து, பதினாறு வயது. 26ஆம் தேதி முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்ற நிலை வரப்போகிறது என்று மாணவர்கள் தெருவில் இறங்கிய மாதம் அது. அன்று கோடம்பாக்கம் சிவலிங்கம் தீக்குளித்தார். மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதன். இரண்டும் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் அரங்கநாதன் சுரங்கப்பாதை அவர் பெயரில்தான் இருக்கிறது. உங்கள் மகன் வண்டியில் எத்தனை தடவை அதற்குள் போய் வந்திருப்பான்!

இரண்டே வருடத்தில், 1967ல், ஆட்சி மாறியது. அப்போது ஓட்டுரிமை வயது 21. அது 18 ஆனது 1989ல்தான். ஆகவே ஊரே கொந்தளித்த அந்தத் தேர்தலில் உங்கள் அப்பா வேடிக்கை மட்டும்தான் பார்த்திருக்க முடியும். முதல் ஓட்டுக்கு எழுபதுகள் வரை காத்திருந்திருப்பார். ஆனால் யாருக்கு என்பது அதற்கு வெகு முன்பே முடிவாகியிருக்கலாம்.

இது உங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளின் அதிபர் தேர்தல் விவரங்களை வைத்து ஆராய்ந்தவர்கள், 14 முதல் 24 வயது வரை பார்க்கும் அரசியல்தான் மனதில் மிக ஆழமாகப் பதிகிறது என்று கண்டார்கள். 18 வயதில் நடப்பதற்கு 40 வயதில் நடப்பதைவிடச் சுமார் மூன்று மடங்கு பலமாம். அந்த ஊர்க் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் சைதாப்பேட்டை வீட்டில் இதை நான் கண்ணால் பார்த்தவள்.

என் தாத்தா கதர்ச் சட்டைக்காரர். 1967ல் விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில், ஒரு மாணவர் தலைவரிடம், தோற்றார் என்ற செய்தி வந்த இரவு தாத்தா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனாராம். அதே வீட்டில் என் அம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. குண்டடிபட்டுக் கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் சுவரொட்டியைப் பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் நின்று பார்த்தவள். ஜெயித்த சந்தோஷத்தை அவளால் வீட்டில் காட்ட முடியவில்லை. பிறகு 1972ல் அவர் தனிக் கட்சி தொடங்கியதும் அம்மா மனம் அவரோடு போய்விட்டது. கடைசிவரை இரட்டை இலைதான். கட்சியைவிட அந்தக் கழுத்துக்கட்டுதான் அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தாத்தாவை நானும் உங்கள் மகனைப் போலவே மடக்கி மடக்கிக் கேட்டிருக்கிறேன். அவர் போன பிறகு பெரியப்பா சொல்லித்தான் தெரிந்தது: 1930 உப்புச் சத்தியாகிரகத்தின்போது திருவல்லிக்கேணிக் கடற்கரையில் போலீஸ் தடியடியை நேரில் பார்த்தவராம். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. அதை ஒரு தடவைகூட நான் கேட்கவில்லையே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் அப்பாவுக்கு எடுத்துச் சொல்லும் வேலையை விட்டுவிடுங்கள். அவர் சின்னத்தை மாற்றுவது உங்கள் பொறுப்பு இல்லை. ஆளைப் பார்க்காமல் ஓட்டுப் போடுவது சரிதான் என்றும் நான் சொல்ல மாட்டேன். தொகுதியில் நிற்பவரைப் பற்றி மகன் கேட்டது நியாயமான கேள்வி. கேட்ட விதம்தான் தப்பு. "ஏன் இன்னும் அதே சின்னம்?" என்றால் யாருக்கும் ரோஷம்தான் வரும். "தாத்தா, அறுபத்தஞ்சுல நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டுப் பார்க்கட்டும். நான் நினைப்பதுபோல் 1965 இல்லாமல், ரேஷன் அரிசியோ எமர்ஜென்சியோ வேறு ஏதோ ஒன்றுகூட வெளியே வரலாம்.

அப்புறம், மகனையும் யோசியுங்கள். அவன் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறான். 2020ல் ஊரடங்கு, பத்தாம் வகுப்புப் பரீட்சை ரத்து, எல்லோரும் பாஸ் என்று அறிவிப்பு. அவனும் அந்த வருடத்துப் பையனாகத்தான் இருப்பான். அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று வீட்டில் யாராவது அவனிடம் கேட்டீர்களா? தாத்தா கேட்டால் நன்றாக இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகனை வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துச் சுரங்கப்பாதைப் பக்கம் ஒரு சுற்று அழைத்துப் போகட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம். திரும்பி வந்ததும் அப்பா என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.