அமெரிக்க வேட்பாளர் 'பழங்குடி ஒப்பந்தங்களை மதிப்பேன்' என்றால் என்ன அர்த்தம்?

ஏதோ சலுகை தரப்போகிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, இருக்கும் சட்டத்தையே பின்பற்றுவேன் என்கிறார். அமெரிக்க அரசியல் சாசனத்தின் 6ஆவது பிரிவுப்படி, அரசு பழங்குடிகளோடு போட்ட ஒப்பந்தங்களும் நாட்டின் உச்ச சட்டம்தான்.

நடந்தது வேறு. 1868இல் லாரமி கோட்டையில் போட்ட ஒப்பந்தம் பிளாக் ஹில்ஸ் மலைகளை சூ என்ற பழங்குடி மக்களுக்கே விட்டது. 1874இல் அங்கே தங்கம் கிடைத்தது. 1877இல் அமெரிக்க அரசு நிலத்தைப் பறித்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு உறுதி செய்தது. சூ மக்கள் அந்தப் பணத்தை இன்றுவரை வாங்கவில்லை. 'மலை விற்பனைக்கில்லை' என்பதே அவர்கள் நிலை. (நான்கு அதிபர்களின் முகம் செதுக்கிய ரஷ்மோர் மலை இருப்பதும் அங்கேதான்!)

ஆகவே வேட்பாளரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அவர்கள் நிலத்தைத் தொடும் திட்டங்களுக்குப் பழங்குடிகளின் சொந்த அரசுகளிடம் கருத்துக் கேட்பாரா, சம்மதம் கேட்பாரா? கருத்துக் கேட்டுவிட்டு, அதை மீறி எண்ணெய்க் குழாய் பதிப்பது சுலபம். பைடன் 2021இல் அதிபராகப் பதவியேற்ற அன்றே, பழங்குடிகள் பலர் எதிர்த்த கீஸ்டோன் எக்ஸ்எல் எண்ணெய்க் குழாய்த் திட்ட அனுமதியை ரத்து செய்தார். அவரே 2023இல் அலாஸ்காவின் வில்லோ எண்ணெய்த் திட்டத்துக்கு, பக்கத்துப் பழங்குடி ஊரான நுயிக்சுட்டின் தலைவர்கள் எதிர்த்தும், அனுமதி கொடுத்தார்.