பந்தைக் கண்டால் விலகும் பிள்ளை: விளையாட்டுக் கேள்வி – பதில்

கேள்வி: தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் தோட்டத்துக் கரப்பந்து அணியில் ஆடியவர்கள். என் தம்பிமார் இருவரும் மாகாண மட்டம் வரை போனார்கள். மகனுக்கு ஒன்பது வயது. பந்தை எடுத்தாலே ஏதாவது சாக்குச் சொல்லிக் காம்பராவுக்குள் போய்விடுகிறான். வற்புறுத்தலாமா, விட்டுவிடலாமா?
– ஒரு தந்தை, நோர்வூட்

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் அவன் முன்கையைப் பாருங்கள். ஆடி முடித்ததும் சிவந்து கன்றியிருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. நீங்கள் ஆடும் பந்து 260 முதல் 280 கிராம். உங்களுக்குப் பழகிய அடி, அவனுக்கு ஒவ்வொரு தடவையும் வலி. வலிக்கும் என்று தெரிந்த பந்துக்கு யார்தான் கை நீட்டுவார்கள்? சிறுவர்களுக்கென்று 200 முதல் 220 கிராமில் மென்மையான பந்து விற்கிறார்கள். அதை வாங்குங்கள். கிடைக்கும் வரை கடற்கரைப் பந்தோ பெரிய பலூனோ போதும்.

காற்றையும் கவனியுங்கள். கொழும்பில் காற்றடித்துக் கொண்டுவந்த பந்து மலைக்கு ஏறியதும் இன்னும் இறுகிவிடும். இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. பெருவிரலால் அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும், கல்போல் இருந்தால் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். ஊசியை நனைக்காமல் செருகினால் வால்வு கிழியும்.

அடுத்தது வலை. ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். ஒன்பது வயதுக்கு 1.8 மீட்டரில் ஒரு கயிறு போதும். அது கண்ணுக்குத் தெரிய, முழத்துக்கு ஒரு துணித்துண்டு கட்டிவிடுங்கள். லயத்துக்கு முன்னால் சரிவான இடம்தான் இருக்கும் என்றால், பள்ளத்துப் பக்கம் நீங்கள் நில்லுங்கள், மேட்டுப் பக்கம் அவன். அவன் விடும் பந்து பின்னால் மேட்டில் பட்டு அவனிடமே உருண்டு வரும். மாறி நின்றால் பாதி நேரம் கானிலும் தேயிலைக்குள்ளும் பந்து தேடியே போய்விடும்.

முதல் இரண்டு வாரம் அடிக்கவே வேண்டாம். இரண்டு கையாலும் கயிற்றுக்கு மேலால் எறிந்து பிடிக்கட்டும். ஒரு தடவை நிலத்தில் குத்தி எழும்பினாலும் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் மெதுவாகத் தூக்கிப் போடுங்கள், அவன் முன்கையால் ஏந்தி உங்களிடம் திருப்பட்டும். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடையில் பந்து பட வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது. கையை வீசாமல் முழங்காலை மடித்து எழும்ப வேண்டும். கையை வீசினால் பந்து தலைக்குப் பின்னால் போகும். எல்லாப் பிள்ளைகளும் செய்யும் பிழை இது. அதன் பிறகு மூன்று மீட்டரிலிருந்து கீழ்க்கை சேர்விஸ். விரலால் ஏந்திக் கொடுப்பதைக் கடைசியில் பழக்குங்கள், பலமில்லாத விரல் சுளுக்கிக்கொள்ளும்.

ஒரு நாளுக்கு இருபது நிமிடம், ஒரே ஒரு திருத்தம். சித்தப்பாமார் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்வது அடியோடு நிற்க வேண்டும். தாத்தாவின் கேடயத்தைக் காட்டிப் பேசுவதையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். பின்னேரம் மூடுபனி இறங்கினால் வெள்ளைப் பந்து தெரியாது, மஞ்சள் பந்து நல்லது. தெளிவான வெளிச்சத்திலும் பந்து வரும்போது முகத்தைத் திருப்பினால், தலையைச் சாய்த்துப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதித்துவிடுங்கள்.

மூன்று மாதம் இப்படிச் செய்தும் அவனுக்கு ஒட்டவில்லையென்றால் எல்லே, ஓட்டம் என்று வேறொன்றைத் தொடட்டும். கரப்பந்து 1991இலிருந்து நம் நாட்டின் தேசிய விளையாட்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் திரும்பி வந்தாலும் தாமதமில்லை. அந்த ஆட்டத்துக்குத் தேவையான உயரமும் அப்போதுதான் வரத் தொடங்கும்.

கேள்வி: மகனுக்குப் பன்னிரண்டு வயது. வேகப்பந்து வீச்சாளன். அவன் மாமா தினமும் பின்னேரம் லெதர் பந்தில் வீச வைக்கிறார். இப்போது இடுப்புக்கு மேலே வலிக்கிறது என்கிறான். எண்ணெய் தேய்த்தால் சரியாகுமா?
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: அம்மா, எண்ணெயோடு விட்டுவிடாதீர்கள். இன்றே பந்துவீச்சை நிறுத்துங்கள். வலது கையால் வீசுபவனுக்கு முதுகின் கீழே இடது பக்கம் வலித்தால், பின்னால் வளையும்போது அது கூடினால், முதுகெலும்பில் மெல்லிய வெடிப்பாக இருக்கலாம். வளரும் வயது வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இது அடிக்கடி வரும். தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வெடிப்பு என்றால் மாதக்கணக்கில் ஓய்வு வேண்டும்; பொறுத்துக்கொண்டு வீசினால் ஒட்ட வேண்டிய எலும்பு ஒட்டாமல் போகும்.

பதின்மூன்று வயது வரை ஒரே மூச்சில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர், வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் இல்லை, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இல்லை என்பது இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை வைத்திருக்கும் எல்லை. மாமாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வீட்டு முற்றத்தில் டென்னிஸ் பந்தில் வீசுவதும் முதுகுக்குப் பந்துவீச்சுத்தான், அதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பந்தும் சரியானதா என்று பாருங்கள்: பெரியவர்களின் பந்து 156 முதல் 163 கிராம், பதின்மூன்றுக்குக் கீழே 133 முதல் 144 கிராம். குணமாகித் திரும்பியதும் பயிற்றுநர் ஒருவர் அவன் வீசுவதைப் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். இடுப்பு ஒரு திசையும் தோள் வேறொரு திசையுமாகத் திருகி வீசுபவர்களுக்கே இந்தக் காயம் கூட வரும்.

வேகம் போனால் கிரிக்கெட்டே போய்விடும் என்று மாமா பயப்படத் தேவையில்லை. கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனும் பள்ளியில் மிதவேகமே வீசினார். பதினான்கு வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் சுழலுக்கு மாறினார். டெஸ்டில் 800 விக்கெட் அந்தச் சுழலில் வந்தது.

கேள்வி: நானும் என் அக்காவும் பாடசாலைக் காலத்தில் 800 மீட்டர் ஓடியவர்கள். பதினான்கு வயது மகளும் ஓடுகிறாள். பெரியபிள்ளையான பிறகு ஓடக்கூடாது என்கிறார் மாமியார். மகளும் கொஞ்ச நாளாக முதல் சுற்றிலேயே களைத்துப்போகிறாள். மாமியார் சொல்வது சரியோ?
– ஒரு தாய், பண்டாரவளை

பதில்: இல்லை. மாதவிடாய் நாளிலும் ஓடலாம். மெதுவாக ஓடினால் வயிற்றுவலி குறைவதும் உண்டு. ஆனால் களைப்பை அலட்சியம் செய்ய வேண்டாம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். இந்த வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை, மலைப்பிரதேசத்தில் அந்த எல்லை இன்னும் சற்றுக் கூட. மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலும் வைத்தியரிடம் போங்கள், ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

நம் வீடுகளில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். றொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடிக்கிறோம். பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாமல் தேயிலைச் சாயம் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேநீர் வேண்டாம். சம்பலில் தேசிக்காய் பிழிந்துவிடுங்கள், நெல்லிக்காய் கொடுங்கள், அவை இரும்புச்சத்தை ஏற்க உதவும். நெத்தலி, ஈரல், கடலை, கீரை என்று மாற்றி மாற்றிச் சேருங்கள். இரும்பு மாத்திரை இரத்தம் பார்த்த பிறகே.

தோட்டத்து ரோட்டில் பழகுகிறாள் என்றால் மேலே ஓடட்டும், இறக்கத்தில் நடந்து வரட்டும். முழங்காலையும் கணைக்காலையும் கெடுப்பது இறக்கம்தான்.

கேள்வி: கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு மாறி வந்தோம். பத்து வயது மகள் அங்கே நன்றாகப் பூப்பந்து ஆடியவள். இங்கே அடிப்பதெல்லாம் கோட்டுக்கு வெளியே போகிறது. தனக்கு ஆடத் தெரியாது என்று மட்டையை வைத்துவிட்டாள்.
– ஒரு தந்தை, நுவரெலியா

பதில்: அவள் கையில் பிழை இல்லை. நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரம். காற்று மெல்லியது, பூப்பந்தைத் தடுத்து நிறுத்தாது. குளிர் கொஞ்சம் தடுக்கும், ஆனாலும் உயரத்தின் விளைவே பெரிது. இறகுப் பந்து என்றால் கொழும்பில் வாங்கியதைவிட வேக எண் ஒன்று குறைந்தது, பிளாஸ்டிக் என்றால் மெதுவாகப் போகும் பச்சைப் பட்டி போட்டது வாங்குங்கள். வாங்கியதும் சோதியுங்கள்: பின்கோட்டில் நின்று பெரியவர் ஒருவர் கீழ்க்கையால் முழுப் பலத்தோடு அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் உள்ளே விழ வேண்டும். மகளைப் பக்கத்தில் நிறுத்தி, பழைய பந்தையும் புதுப் பந்தையும் அவள் கண்முன்னே அடித்துக் காட்டுங்கள்.