சிங்கிள் ஷாட் ரைஃபிள்ல எது உசத்தி? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சார், ஒரு தடவைக்கு ஒரே ஒரு தோட்டா போட்டு சுடுற பழைய ரைஃபிள்கள்ல ரெமிங்டன் ரோலிங் பிளாக், மார்ட்டினி-ஹென்றி, வின்செஸ்டர் ஹை வால்னு ஆளாளுக்கு ஒண்ண சொல்றாங்க. ஆக்‌ஷன் டிசைன, அதாவது தோட்டாவ உள்ள வச்சு பூட்டி, காலி உறைய வெளிய எடுக்குற அமைப்ப மட்டும் வச்சுப் பாத்தா உங்க ஓட்டு எதுக்கு?

பதில்: என் ஓட்டு வின்செஸ்டர் 1885 ஹை வாலுக்குத்தாங்க. பொதுவா எது ஸ்ட்ராங், எவ்ளோ ப்ரஷர் தாங்கும்னுதான் பேசுவாங்க, நான் முதல்ல பாக்குறது சுட்டு முடிச்ச காலி உறை எவ்ளோ சுலபமா வெளிய வருதுன்னு. வெடிக்கும்போது பித்தளை உறை விரிஞ்சு, தோட்டா உக்கார்ற சேம்பரோட சுவத்துல ஒட்டிக்கும், அது கருமருந்து காலம் வேற, கரியும் சூடும் சேந்துடுச்சுன்னா உறை அசையவே அசையாது, அத எடுக்காம அடுத்த தோட்டாவ உள்ள வைக்க வழியே இல்ல.

மார்ட்டினி-ஹென்றிய பாருங்க. 1871ல பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கிட்டது. கீழ இருக்குற லீவர தள்ளுனா, பேரலோட பின்பக்கத்த அடைக்கிற பிளாக்கோட முன்பக்கம் இறங்கி வழி விடும், தோட்டாவ அடிச்சு வெடிக்க வைக்கிற ஸ்ட்ரைக்கரும் உள்ளயே தானா காக் ஆயிடும், அதாவது சுடத் தயாரா இழுபட்டு நிக்கும், வெளிய கையால இழுக்குற ஹாமரே கிடையாது, அதனால வேகமா சுடலாம். 1879 ஜனவரில தென்னாப்பிரிக்காவுல ரோர்க்ஸ் டிரிஃப்ட்ங்கிற இடத்துல பிரிட்டிஷ் பக்கம் சுமார் 150 பேர் ஜூலு படைய தடுத்து நின்னது இத வச்சுத்தான். ஆனா அதோட தோட்டா உறை மெல்லிய பித்தளைத் தகட்ட சுருட்டி செஞ்சது, சூடான சேம்பர்ல கிழிஞ்சு மாட்டிக்கும், 1885ல சூடான்ல அபு கிளியா சண்டையில இது பெரிய பிரச்சினையாச்சு. அப்புறம் வந்த மார்க் 4ல லீவர நீளமாக்குனாங்க, நெம்புறதுக்கு பலம் கூடும்ல. தப்பு பாதிக்கு மேல தோட்டா மேலதான், ஆக்‌ஷன் மேல இல்லங்கிறது என் கருத்து.

ரோலிங் பிளாக்கோட எளிமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முக்கியமா ரெண்டே பாகம், ஹாமரும் பிளாக்கும். ஹாமர காக் பண்ணி கட்டைவிரலால பிளாக்க பின்னாடி உருட்டுனா திறந்துடும், சுடும்போது ஹாமர் விழுந்து பிளாக்குக்கு அடியில போய் முட்டுக்கொடுத்துடும், அதாவது வெடிக்கிற நேரத்துலதான் பூட்டு இன்னும் இறுகுது, என்ன யோசனை பாருங்க! டென்மார்க் 1867லயே இத எடுத்துக்கிச்சு. குறை என்னன்னா உறைய இழுக்க விரல் பலம் மட்டுந்தான், லீவர் இல்ல.

ஹை வால்ல பலமான பூட்டு, லீவர் ரெண்டும் இருக்கு. மதகுப் பலகை மாதிரி பிளாக் நேரா கீழ இறங்கி மேல ஏறும், பின்னாடி கெட்டியான இரும்புச் சுவர் தாங்கிக்கும், உறைய இழுக்க லீவரோட பலம் கிடைக்கும். யூட்டால ஓக்டன் ஊர்ல ஜான் பிரவுனிங் இதுக்கு 1879ல பேட்டன்ட் வாங்குனப்ப வயசு 24தான், வின்செஸ்டர் கம்பெனி 8,000 டாலர் குடுத்து உரிமைய வாங்கிடுச்சு. சின்ன .22லேருந்து பெரிய வேட்டைத் தோட்டா வரைக்கும் ஒரே டிசைன்ல வந்துச்சுங்கறதே அதோட தரத்துக்கு சாட்சி.

கேள்வி: குறி தவறாம சுட எது பெஸ்ட்?

பதில்: அது பேரல், தோட்டா, சுடுறவர் கைய பொறுத்தது. 1874ல நியூயார்க் பக்கத்துல கிரீட்மூர்ல 800, 900, 1000 யார்டுல அமெரிக்க டீமும் அயர்லாந்து டீமும் மோதுனாங்க, அமெரிக்கர்கள் பாதிப் பேர் ரெமிங்டன், பாதிப் பேர் ஷார்ப்ஸ், அயர்லாந்துக்காரங்க பேரல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற பழைய மாதிரி ரிக்பி ரைஃபிள். முடிவு அமெரிக்கா 934, அயர்லாந்து 931, மூணே பாயின்ட்! அதுலயும் அயர்லாந்துக்காரர் ஒருத்தர் தப்பான டார்கெட்ல சுட்டுட்டார், இல்லன்னா கதையே மாறியிருக்கும்.

கேள்வி: இந்த டிசைன்லாம் அதோட முடிஞ்சுபோச்சா?

பதில்: இல்லவே இல்ல. ஸ்காட்லாந்து ஜான் ஃபார்க்கர்சன் 1872ல பேட்டன்ட் வாங்குன ஹாமர் வெளிய தெரியாத டிசைன மனசுல வச்சுத்தான் அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் பில் ரூகர் 1967ல நம்பர் 1 ரைஃபிள கொண்டுவந்தார், பல தோட்டா ஒண்ணா போட்டுக்குற மேகசின் ரைஃபிள்கள் மார்க்கெட்ட முழுசா பிடிச்சிருந்த காலத்துல. அதுவும் நல்லா வித்துச்சு.