கீழ்வானம் சிவக்கும் முன்பே போய்விடுங்கள்: கடற்கரை உதயப் படங்கள், கேள்வி-பதில்

வந்திருக்கும் கேள்விகள் பெரும்பாலும் சூரிய வட்டத்தையே சுற்றுகின்றன. என் பதில்கள் அதைவிட்டுக் கொஞ்சம் விலகித்தான் போகும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உதயம் 6:05 என்று போன் காட்டுகிறது. எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்?

முக்கால் மணி நேரமாவது முன்னால். 6:05 என்பது சூரியனின் மேல் விளிம்பு தொடுவானத்தில் தலைகாட்டும் நேரம், அவ்வளவுதான். சூரியன் தொடுவானத்துக்கு 6 டிகிரி கீழே இருக்கும்போதே படம் எடுக்கப் போதுமான வெளிச்சம் வந்துவிடும். அந்த 6 டிகிரியை ஏறி வர வெப்பமண்டலத்தில் 20, 25 நிமிடம் ஆகும், துருவங்களை நோக்கிப் போகப் போக இன்னும் நீளும். உயரத்தில் மிதக்கும் மெல்லிய இறகு மேகங்களுக்கு நமக்கு முன்பே வெயில் கிடைத்துவிடுவதால், உதயத்துக்கு 10, 15 நிமிடம் முன்னால் அவை அடிப்பக்கமாகச் சிவக்கும். வட்டம் மேலே வரும்போது அந்தச் சிவப்பு அநேகமாக வெளுத்துப் போயிருக்கும். சரியாக 6:05க்கு ஓடி வருபவர் நல்ல பாதியைத் தவறவிட்டவர்.

வானம் சரியாக வந்தால் மணல் கருப்பாகிவிடுகிறது, மணல் தெரிந்தால் சூரியனைச் சுற்றி ஒரே வெள்ளை. என்ன செய்வது?

எல்லோருக்கும் இருக்கிற தலைவலி. வானத்துக்கும் தரைக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் முழுவதையும் கேமராவால் ஒரே படத்தில் பிடிக்க முடிவதில்லை. எது போனாலும் வானத்தைக் காப்பாற்றுங்கள், ஏனென்றால் வெள்ளையாக எரிந்துபோன இடத்தில் திரும்ப எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது, இருட்டான இடத்தை ரா ஃபைலில் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஓரளவு மீட்டுவிடலாம். வெளிச்சத்தை அளக்கும்போது சூரியன் மேலேயே வைத்து அளக்காமல் அதற்குச் சற்றுப் பக்கத்து வானத்தில் அளந்து, எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை, பூட்டிக்கொண்டு, பிறகு ஃப்ரேமை அமைத்துக்கொள்ளுங்கள். 2 ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பதோ பாதியாவதோ) மூன்று படம் எடுத்துக் கணினியில் இணைப்பதும் ஒரு வழி. ஆனால் ஒவ்வொரு படத்திலும் அலை வேறு இடத்தில் இருக்கும், அதனால் தண்ணீர்ப் பகுதியை ஒரே படத்திலிருந்து மட்டும் எடுக்காவிட்டால் நுரை ஆவி மாதிரி இரண்டு மூன்றாகத் தெரியும்.

அடுத்தது கிராஜுவேட்டட் ஃபில்டர், அதாவது மேல்பாதி கருமையாகவும் கீழ்ப்பாதி தெளிவாகவும் இருக்கும் கண்ணாடி; லென்ஸ் முன்னால் வைத்தால் வானத்தை மட்டும் மங்கவைக்கும். கடலில் தொடுவானம் நேர்கோடு என்பதால் அது நன்றாகவே உட்காரும். ஆனால் அதற்குக் காசு போடும் முன் பத்தடி முன்னால் நடந்து பாருங்கள் என்பேன். காய்ந்த மணல் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடித்துவிடுகிறது, ஈரமணல் வானத்தைத் திருப்பிக் காட்டுகிறது. அலை பின்வாங்கியதும் மணல் மேல் மெல்லிசாக ஒரு நீர்ப்படலம் தங்கும், அது மண்ணில் இறங்கிப்போகும் முன் கிடைக்கும் அந்த ஓரிரு விநாடியில் கீழ்ப்பாதி முழுக்க வானத்தின் நிறம்தான். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் இன்னும் நன்றாகப் பிடிபடும். வித்தியாசம் தானாகவே குறைந்துவிடும், ஃபில்டரே தேவைப்படாத நாட்களும் உண்டு.

கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற சூரியன் படத்தில் மட்டும் ஏன் பொட்டளவு ஆகிவிடுகிறது?

சூரியனின் அகலம் வானத்தில் சுமார் அரை டிகிரிதான். சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் இடம்) அது எவ்வளவு பெரிதாக விழும் என்று அறிய லென்ஸின் ஃபோகல் லெங்த்தை, அதாவது லென்ஸில் மி.மீ.யில் குறித்திருக்கும் எண்ணை, 100ஆல் வகுத்தால் ஏறக்குறைய வந்துவிடும்: 24 மி.மீ. லென்ஸில் கால் மி.மீ., 400 மி.மீ. லென்ஸில் 4 மி.மீ. ஆக, பெரிய சூரியன் வேண்டுமென்றால் பெரிய லென்ஸ்தான், அதோடு தூரத்தில் ஒரு படகோ பாறையோ குறுக்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் ஆரஞ்சு வட்டம்தான் மிஞ்சும். ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: டிஎஸ்எல்ஆர் கேமராவில் பெரிய லென்ஸை மாட்டி வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். பின்னால் இருக்கும் திரையில் பாருங்கள்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.

போதும். முதலில் லென்ஸைத் துடையுங்கள், உப்புக்காற்றில் சீக்கிரமே படலம் படிந்து படம் மங்கிவிடும். அப்புறம் திரையில் பிரகாசமான வானத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம், அது படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். பச்சைப் புள்ளி ஒன்று எங்காவது மிதந்தால் போனை லேசாகச் சாய்த்துப் பாருங்கள், இடம் மாறும்.

அலை பட்டுத்துணி போல வர எத்தனை விநாடி?

ஷட்டரை 30 விநாடி திறந்து வைத்துக் கடலையே பனிமூட்டமாக்கும் பாணி எனக்குச் சலித்துவிட்டது. கால் விநாடியிலிருந்து ஒரு விநாடிக்குள் வைத்துப் பாருங்கள், நுரை இழை இழையாக வரும், அலை எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரியும். அலை ஏறும்போது அல்ல, திரும்பும்போது ஷட்டரை அழுத்துங்கள். டிரைபாட் கால்களை முதலிலேயே மணலில் நன்றாக அழுத்தி ஊன்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் அடியில் மண் அரித்து, தொடுவானம் சாய்ந்துகொண்டே போகும்.

நேரில் பார்த்த அந்தப் பொன்னிறம் படத்தில் வரவில்லை.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா தானாகச் சமன்செய்யும் அமைப்பு, அந்த நிறத்தைக் குறை என்று நினைத்துத் திருத்திவிடுகிறது. வெயில் படம் போட்ட டேலைட்டில் வையுங்கள், வரும்.

எங்கள் கடல் மேற்குப் பார்த்தது. விடியற்காலையில் போய்ப் பயனில்லைதானே?

யார் சொன்னது? மேகமில்லாத நாளில் உதயத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் கடல் பக்கம் பாருங்கள். தொடுவானத்தை ஒட்டிச் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை, அதன் மேல் இளஞ்சிவப்பில் இன்னொன்று. கீழே இருப்பது பூமியின் நிழல், மேலே இருப்பது கிழக்கிலிருந்து வரும் செவ்வொளி காற்றில் சிதறி நம்மிடம் திரும்புவது. சூரியன் ஏற ஏற நிழல் கடலுக்குள் இறங்கி மறையும். வெளிச்சம் முதுகுப் பக்கம் என்பதால் மணலும் நுரையும் இருட்டாகாது, மேலே கேட்ட தலைவலியே இங்கே கிடையாது. கூட்டமும் இருக்காது.

கடலுக்குப் போய் வந்தபின் கேமராவை எப்படிப் பராமரிப்பது?

லென்ஸில் காய்ந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். மணலை ஊதிவிட்டு, லேசாக ஈரமான மென்துணியால் ஒற்றி எடுத்தபின் உலர்ந்த துணியால் துடையுங்கள். டிரைபாட் கால்களைப் பூட்டோடு பிரித்து நல்ல தண்ணீரில் அலசி, பிரித்தபடியே காயவையுங்கள். ஏசி அறையிலிருந்து கிளம்புபவர்கள் கேமராவைப் பைக்குள் மூடியே கொண்டுபோங்கள், திடீரென்று ஈரக்காற்றில் எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும், அது தெளிவதற்குள் சூரியன் ஒரு முழம் ஏறியிருக்கும்.