வீட்டு நாஸ் வாங்கும்போது என்கிரிப்ஷன் பற்றி எதைப் பார்க்க வேண்டும்?

நாஸ் என்பது வீட்டு ரூட்டரோடு இணைத்து வைக்கும், ஹார்ட் டிஸ்க்குகள் போட்ட சிறு பெட்டி. வீட்டிலுள்ள எல்லா போனும் லேப்டாப்பும் அதில் கோப்புகளைச் சேமிக்கலாம். என்கிரிப்ஷன் இருந்தால், டிஸ்க்கில் எழுதப்படுவது எல்லாம் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதப்படும். டிஸ்க் திருடு போனாலும், பழுதாகி சர்வீஸுக்குப் போனாலும், உள்ளே இருக்கும் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் வெளியே போகாது.

இன்றைக்குப் பெரும்பாலான மாடல்களில் ஏஇஎஸ் 256 பிட் என்ற வலுவான என்கிரிப்ஷன் முறை இருக்கிறது. அது போதும். பார்க்க வேண்டியது பிராசஸரை. ஏஇஎஸ் கணக்கைத் தானே செய்யும் வசதி அதில் இல்லாவிட்டால், பெரிய வீடியோக்களை நகலெடுக்கும்போது வேகம் நன்றாகவே குறையும்.

அதைவிட முக்கியம், சாவி எங்கே இருக்கிறது என்பது. நாஸ் தயாரிக்கும் சினாலஜி நிறுவனம் 2023இல் தன் டிஎஸ்எம் இயங்குதளத்தின் 7.2 பதிப்பில் முழு வால்யூமையும் (டிஸ்க்குகளில் உருவாக்கும் சேமிப்புப் பகுதி) என்கிரிப்ட் செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. சாவியை அதே பெட்டியில் வைத்துக்கொள்ளவும் அது இடம் தருகிறது. பீரோவைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிடுவது போலத்தான் இது: பெட்டியோடு தூக்கிப் போனால், ஆன் செய்ததும் தானே திறந்துகொள்ளும். அப்புறம், இந்த வசதியை வால்யூம் உருவாக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு சேர்க்க முடியாது. சாவி கிடைக்காமல் போனால் திறக்க உதவும் மீட்புச் சாவியைக் கட்டாயம் வேறு இடத்தில் வையுங்கள்.

என்கிரிப்ஷன் இருந்தால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸ் தாக்காது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை: நாஸ் ஓடும்போது பூட்டு திறந்தே இருப்பதால், உள்ளே நுழைந்த வைரஸுக்கு அது தடையே அல்ல.